ஜே. சி. ரைலின் எழுத்து ஏன் இன்னும் வாசிக்கப்படுகிறது?

பொருநைக்கரை

விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் பிரசங்கத் தொகுப்புகள் ஏராளமாக அச்சாயின, ஏராளமாக விற்கவும் செய்தன. அவற்றை எழுதியவர்களில் பெரும்பாலோரின் பெயரைத் திருச்சபை வரலாறு படிப்பவர்களைத் தவிர வேறு எவரும் இன்று அறியமாட்டார்கள். ஆனால் ஜான் சார்லஸ் ரைல் எழுதிய 'பரிசுத்தம்' என்ற நூலும், நான்கு சுவிசேஷங்களுக்கும் அவர் எழுதிய ஏழு தொகுதி தியான விளக்கமும் இன்றும் அச்சில் இருக்கின்றன. இங்கிலாந்து திருச்சபை எனப்படும் ஆங்கிலிக்கன் சபையின் பேராயரான இவரைப் பாப்டிஸ்டுகளும் பிரஸ்பிட்டேரியன்களும், எந்தச் சபைப் பிரிவிலும் பெயர் கொடுக்காதவர்களும்கூட வாங்கி வாசிக்கிறார்கள். இது எப்படி நிகழ்ந்தது என்பதைப் பற்றிப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அறியாதவர்களுக்காக அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1816-இல் செஷையர் மாவட்டத்தின் மேக்கிள்ஸ்ஃபீல்டில், பட்டு வியாபாரத்தில் தழைத்துப் பின்னர் வங்கி நடத்திய செல்வக் குடும்பத்தில் பிறந்தார். ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்தார். இரண்டு இடங்களிலும் கிரிக்கெட் அணிக்குத் தலைவர். 1837-இல், ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் ஆலயத்தில், "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்ற எபேசியர் நிருப வசனத்தை ஒருவர் ஒவ்வொரு சொற்றொடருக்கும் நிறுத்தி நிறுத்தி வாசித்ததைக் கேட்டு மனம் திரும்பினார். 1841-இல் தகப்பனாரின் வங்கி திவாலானது. பாராளுமன்றத்தில் அமர வேண்டியவர் என்று எல்லோரும் எண்ணியிருந்த இளைஞர், வேறு வழி தெரியாமல் குருப்பட்டம் பெற்றார். சஃபோக் மாவட்டத்தில் ஹெல்மிங்காம், ஸ்ட்ராட்புரோக் என்ற இரண்டு கிராமச் சேகரங்களில் 1844 முதல் 1880 வரை ஊழியம் செய்து, பிறகு புதிதாக அமைக்கப்பட்ட லிவர்பூல் அத்தியட்சாதீனத்தின் முதல் பேராயரானார். 1900-இல் காலமானார்.

என் கருத்து இதுதான்: ரைலை நிலைக்கச் செய்தது அந்த முப்பத்தாறு ஆண்டுக் கிராம வாழ்க்கையே. ஆக்ஸ்ஃபோர்டில் கற்ற அலங்கார நடை உழவர்களின் காதில் ஏறவில்லை என்பதைக் கண்டுகொண்ட அவர், அந்த நடையையே சிலுவையில் அறைந்ததாகப் பிற்பாடு சொன்னார். பேராயரான பின்னர் எழுதத் தொடங்கியிருந்தால், அவரும் மற்றவர்களோடு மறக்கப்பட்டிருப்பார் என்றே எண்ணுகிறேன்.

மார்கழித்தென்றல்

நான் கிறிஸ்தவள் அல்லள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில உரைநடையில் ஈடுபாடு கொண்டவள் என்ற முறையில் ரைலைப் படித்திருக்கிறேன். இழையைத் தொடங்கிய ஐயா சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன்.

பிரசங்கத்தில் எளிமை எப்படிக் கைகூடும் என்று ரைல் ஆற்றிய ஓர் உரை 'மேல்வீட்டறை' என்ற 1888-ஆம் ஆண்டுத் தொகுப்பில் இடம்பெற்றிருக்கிறது. பேசப்போகும் பொருள் முதலில் உனக்கே தெளிவாக இருக்க வேண்டும். எளிய சொற்களைக் கையாள வேண்டும். வாக்கியத்தை நீட்டிக்கொண்டே போகக் கூடாது. 'நாம்' என்று பூசி மெழுகாமல் 'நான்', 'நீங்கள்' என்று நேருக்கு நேர் பேச வேண்டும். உவமைகளையும் சம்பவங்களையும் தாராளமாகச் சேர்க்க வேண்டும். இவ்வளவுதான் அவர் சொல்வது. இதில் எனக்குச் சுவையாகப் பட்டது வேறொன்று. நல்ல ஆங்கிலத்துக்கு மாதிரியாக அவர் பரிந்துரைப்பவர்களுள் வில்லியம் காபெட்டும் ஜான் பிரைட்டும் இருக்கிறார்கள். ஒருவர் ஆளும் வர்க்கத்தைச் சாடிக்கொண்டே வாழ்ந்த கலகக்கார இதழாளர். மற்றவர் குவேக்கர் சபையைச் சேர்ந்த சீர்திருத்த அரசியல்வாதி. கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் டிஸ்ரேலியின் பரிந்துரையால் பேராயரான ஒரு மனிதர், உரைநடை என்று வரும்போது கட்சியைப் பார்க்காமல் இவர்களைக் காட்டுவது அவருடைய காது எவ்வளவு நேர்மையானது என்பதைக் காட்டுகிறது.

ஆனாலும் அவருடைய நடையில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரே கருத்தை மூன்று, நான்கு, சில வேளை ஆறு கேள்விகளாக அடுக்கும் பழக்கம் அவரிடம் உண்டு. ஒவ்வொரு கட்டுரையின் முடிவிலும் கவலையற்றவருக்கு ஒரு வார்த்தை, தேடுகிறவருக்கு ஒரு வார்த்தை, விசுவாசிக்கு ஒரு வார்த்தை என்று பிரித்துப் பேசுவதை நான்காவது முறை சந்திக்கும்போது எனக்குச் சலிப்புத் தட்டியது. தொகுப்பாக வாசிப்பவருக்கு இது தொல்லை. தனித்தனிக் கைப்பிரதிகளாக, அதாவது கையில் கொடுக்கும் சிறு அச்சுப் பிரசுரங்களாக, வெளிவந்தபோது இந்தச் சலிப்பு எவருக்கும் ஏற்பட்டிருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஓய்வுபெற்ற குரு

நடையைப் பற்றி இருவரும் அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நடை மட்டும் ஒரு பக்தி நூலை நூற்றைம்பது ஆண்டுகள் வாழவைக்காது. ரைலைவிட இனிமையாக எழுதியவர்கள் அந்தத் தலைமுறையில் இருந்தார்கள். 'பரிசுத்தம்' நிலைத்ததற்குக் காரணம், அது ஒரு குறிப்பிட்ட தவறான ஆறுதலை மறுப்பதற்காக எழுதப்பட்டது. அந்த ஆறுதலோ ஒவ்வொரு தலைமுறையிலும் புதிய பெயரோடு திரும்பி வருகிறது.

1870-களின் நடுவில் ராபர்ட் பியர்சல் ஸ்மித் என்ற அமெரிக்கர் இங்கிலாந்தில் பெருங்கூட்டங்கள் நடத்தினார். 1875-இல் பிரைட்டன் நகரில் கூடிய மாநாடு அவற்றுள் புகழ்பெற்றது; இதே போதனையை ஒட்டிய கெஸ்விக் மாநாடு தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அங்கே கேட்ட போதனையைச் சுருக்கிச் சொன்னால், நீதிமானாக்கப்படுதல் (கடவுள் முன் குற்றமற்றவராக ஏற்கப்படுதல்) எப்படி விசுவாசத்தினால் மட்டும் கிடைக்கிறதோ அப்படியே பரிசுத்தமும் விசுவாசத்தினால் மட்டும் கிடைக்கிறது. விசுவாசி போராடுவதை விட்டுவிட்டுத் தன்னை முழுவதுமாக ஒப்புக்கொடுத்தால் போதும் என்பதாகும். ரைல் 1877-இல் 'பரிசுத்தம்' நூலை வெளியிட்டு, 1879-இல் விரிவுபடுத்தினார். அதன் முன்னுரையில் அவர் இந்தப் போதகர்களின் பெயரைச் சொல்லித் தாக்கவில்லை. ஏழு கேள்விகளை முன்வைக்கிறார். மலைப்பிரசங்கத்திலும் நிருபங்களிலும் அன்றாட நடக்கையைப் பற்றி இவ்வளவு கட்டளைகள் இருக்க, விசுவாசம் ஒன்றே போதும் என்று பேசுவது ஞானமாகுமா? ரோமர் ஏழாம் அதிகாரத்தில் பவுல் விவரிக்கும் போராட்டம் தேறின விசுவாசியின் அனுபவம் அல்ல என்று தள்ளிவிடுவது சரியாகுமா? மனந்திரும்புதலுக்கும் முழு அர்ப்பணிப்புக்கும் இடையே ஒரு கோட்டை இழுத்து, விசுவாசிகளை இரண்டு வகுப்பாகப் பிரிக்க வேதத்தில் ஆதாரம் எங்கே? இப்படிப் போகிறது அந்த முன்னுரை.

நூலின் அமைப்பையும் கவனியுங்கள். பரிசுத்தத்தைப் பற்றிய நூல் பாவத்தைப் பற்றிய அதிகாரத்தில் தொடங்குகிறது. நோயின் ஆழம் தெரியாதவனுக்கு மருந்தின் அருமை தெரியாது என்பது அவருடைய வாதம். அடுத்து நீதிமானாக்கப்படுதலும் பரிசுத்தமாக்கப்படுதலும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே வேறுபடுகின்றன என்று வரிவரியாகப் பிரித்துக் காட்டுகிறார்: முன்னது ஒரே முறை நிறைவாக நடந்து முடிவது, அதில் வளர்ச்சி இல்லை; பின்னது சாகும்வரை வளர்வது, ஒருபோதும் இவ்வுலகில் நிறைவடையாதது. மூன்றாம் அதிகாரத்துக்கு ஆதார வசனம், "பரிசுத்தமில்லாமல் ஒருவனும் கர்த்தரைத் தரிசிப்பதில்லையே" என்ற எபிரெயர் நிருப வசனம். அதற்கடுத்தது போராட்டத்தைப் பற்றியது. அதற்கும் அடுத்தது கிறிஸ்தவனாக இருப்பதற்குக் கொடுக்க வேண்டிய விலையைப் பற்றியது. சுயநீதி, பாவங்கள், சுகவாழ்வின் மேலுள்ள ஆசை, உலகத்தாரின் நன்மதிப்பு என்று நான்கு விலைகளை அவர் எண்ணிச் சொல்கிறார். எழுப்புதல் கூட்டத்தில் கண்ணீர் வடித்தவனிடம் இந்த விலையைச் சொல்லாமல் அனுப்புவது அவனை ஏமாற்றுவது என்று அந்த அதிகாரத்தில் அவர் காட்டும் கண்டிப்பை நம் ஊர்ப் பெருங்கூட்டங்களின் ஏற்பாட்டாளர்கள் வாசித்தால் நல்லது.

நம் பக்கத்துக்கு ஓர் உண்மையான தொடர்பும் உண்டு. டோனாவூரில் ஊழியம் செய்த எமி கார்மைக்கேல் அம்மையாரைத் தாங்கி அனுப்பியது கெஸ்விக் மாநாடு. அந்த மாநாடு ஆதரித்து அனுப்பிய முதல் மிஷனெரி அவரே. ஆகவே திருநெல்வேலித் திருச்சபையில் வளர்ந்த நம்மில் பலர், ரைல் எந்த இயக்கத்தை எதிர்த்தாரோ அதே இயக்கத்தின் கனியையும் டோனாவூரில் கண்டிருக்கிறோம். கெஸ்விக்கின் போதனையைப் பற்றி ரைல் சொன்னது சரி என்றே நான் கருதுகிறேன். அதனால் அங்கிருந்து புறப்பட்டவர்களின் வாழ்க்கை குறைந்துபோய்விடாது.

மார்கழித்தென்றல்

குருவானவருக்கு ஒரு கேள்வி. வெளியிலிருந்து பார்ப்பவளுக்கு இது முரணாகத் தோன்றுகிறது. கிருபையினால் மட்டுமே இரட்சிப்பு என்று ஆக்ஸ்ஃபோர்டில் மனம் திரும்பியவர், பின்னாளில் போராடு, விலை கொடு, விழித்திரு என்று நூல் முழுவதும் கட்டளையிடுகிறார். இது வேறு பெயரில் வரும் ஒழுக்கப் போதனை ஆகாதா?

ஓய்வுபெற்ற குரு

நல்ல கேள்வி, அம்மா. இரட்சிக்கப்படுவதற்காகப் போராட வேண்டும் என்று ரைல் எங்கும் சொல்லவில்லை. இரட்சிக்கப்பட்டவனிடத்தில் போராட்டம் இல்லாதிருக்க முடியாது என்கிறார். உள்ளே போராட்டம் நடப்பதைக் கண்டு கலங்குகிறவனுக்கு, அது நீ உயிரோடிருப்பதன் அடையாளம் என்று ஆறுதல் கூறுவதற்கே அந்த அதிகாரத்தில் பாதியைச் செலவிடுகிறார். இறந்தவனுக்குள் சண்டை நடப்பதில்லை.

இரட்சிப்பின் நிச்சயத்தைப் பற்றிய ஏழாம் அதிகாரத்தில் இது இன்னும் தெளிவாகிறது. விசுவாசம் வேறு, தான் இரட்சிக்கப்பட்டிருக்கிறேன் என்ற நிச்சயம் வேறு. முன்னது இருந்தும் பின்னது இல்லாமல் ஒருவன் மரிக்கலாம், அப்படியும் அவன் பரலோகம் சேருவான் என்று எழுதுகிறார். இதை விளக்க நியூசிலாந்துக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ குடியேறிய இரண்டு ஆங்கிலேயர்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். இருவருக்கும் ஒரே அளவு, ஒரே தரமுள்ள நிலம்; இருவருக்கும் பத்திரம் சட்டப்படி பதிவாகியிருக்கிறது. ஒருவன் காட்டைத் திருத்தி உழத் தொடங்குகிறான். மற்றவனோ வேலையை அடிக்கடி போட்டுவிட்டு, நிலம் உண்மையாகவே என்னுடையதுதானா என்று பதிவு அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறான். ஓராண்டு கழித்து யாருடைய நிலம் விளைந்திருக்கும் என்று கேட்கிறார். கவனியுங்கள்: இரண்டாமவனின் உரிமையில் எள்ளளவும் குறைவில்லை. குறைந்தது விளைச்சல் மட்டுமே. வெறும் ஒழுக்கப் போதகர் எவரும் இந்த உதாரணத்தைச் சொல்லத் துணியமாட்டார். ஏனென்றால் சோம்பேறியின் பத்திரத்தை இது ரத்து செய்வதில்லை.

சவேரியார் வீதி

கத்தோலிக்கன் என்ற முறையில் ஒரு மாற்றுக் குரலைப் பதிவு செய்ய விரும்புகிறேன். 'பரிசுத்தம்' நூலில் எங்கள் துறவியரின் மரபோடு ஒத்துப்போகும் பக்கங்கள் பல இருப்பதை மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறேன். லோத்தின் மனைவியைப் பற்றிய அதிகாரத்தை எந்தத் தவக்காலத் தியானத்திலும் அப்படியே வாசிக்கலாம். ஆனால் ரைலை முழுமையாகப் பேசும்போது 'அவிழ்க்கப்பட்ட முடிச்சுகள்' (1874), 'பழங்காலத்திலிருந்து வெளிச்சம்' (1890) ஆகிய நூல்களை ஓரத்தில் ஒதுக்கிவிட்டுப் பேசுவது நியாயமாகாது. முதல் நூல் ஆங்கிலிக்கன் சபைக்குள் திருப்பலிச் சடங்குகளை மீண்டும் கொண்டுவர முயன்றவர்களை எதிர்த்தது. இரண்டாவது நூல் கத்தோலிக்கரான மேரி அரசியின் காலத்தில் எரிக்கப்பட்ட புராட்டஸ்டண்டுகளான லாட்டிமர், ரிட்லி, ஹூப்பர் போன்றவர்களின் வரலாறுகளைச் சொல்லி, ரோமைப் பற்றிய அச்சத்தை மறுபடி மூட்டியது. அவர் பேராயராக இருந்த லிவர்பூலில், பஞ்சத்துக்குத் தப்பி அயர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்க ஏழைகள் ஆயிரக்கணக்கில் வாழ்ந்தார்கள் என்பதையும் மனத்தில் வைத்து அந்த நூலைப் படிக்க வேண்டும்.

அது மட்டுமன்று. ரைல் ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராக இருந்த அதே ஆண்டுகளில், தூய மரியாள் பல்கலைக்கழக ஆலயத்தில், பின்னாளில் கத்தோலிக்கரான ஜான் ஹென்றி நியூமன் பிரசங்கித்துக்கொண்டிருந்தார். நியூமனின் அக்காலப் பிரசங்கங்களும் இன்றும் வாசிக்கப்படுகின்றன. அவர் 2019-இல் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். எளிய கிராம நடையே பக்தி எழுத்தை நிலைக்கச் செய்கிறது என்று இழையின் தொடக்கத்தில் சொன்ன கருத்துக்கு நியூமன் ஒரு நேரடி மறுப்பு. அவருடைய நடை மிக நுட்பமானது. கேட்டவர்களோ பெரும்பாலும் கல்லூரிக்காரர்கள்.

பொருநைக்கரை

நியூமனைப் பற்றிய தங்கள் வாதம் வலுவானது, ஐயா. ஆனால் இருவரையும் வாசிப்பவர்கள் ஒரே கூட்டம் அல்ல. நியூமனை வாசிப்பவர் பெரும்பாலும் அவருடைய மனத்தின் பயணத்தை அறிய விரும்புகிறார். ரைலை வாசிப்பவருக்கு ரைலின் மனத்தைப் பற்றி அக்கறையே கிடையாது. நீங்கள் ஜெபிக்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் மூன்றே சொல்லில் கேட்டுத் தொடங்கும் கைப்பிரதியில், எழுதியவர் முதல் வரியிலேயே மறைந்துபோய், கேள்வியும் வாசகரும் மட்டும் எதிரெதிரே நிற்கிறார்கள். கிராமச் சேகரத்தின் பயிற்சி என்று நான் சொன்னது சொற்கள் எளிமையாக இருப்பதை மட்டும் அல்ல, இந்த மறைந்துபோதலையும் சேர்த்துத்தான்.

வாதநூல்களைப் பற்றிச் சொன்னதை மறுக்கமாட்டேன். பெல் காக்ஸ் வழக்கு ரைலின் பெயரில் படிந்த கறை. லிவர்பூல் தூய மார்கரெட் ஆலயத்தின் குருவான பெல் காக்ஸ்மீது, தடைசெய்யப்பட்ட சடங்குகளைச் செய்ததாக ஒருவர் வழக்குத் தொடுத்தார். பேராயர் நினைத்திருந்தால் வழக்கைத் தடுத்திருக்கலாம். ஒரு குடிமகன் நீதிமன்றத்தை நாடும் உரிமையைப் பேராயர் பறிக்கக் கூடாது என்று சொல்லி ரைல் தடுக்கவில்லை. 1887-இல் அந்தக் குருவானவர் நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறை சென்றார். சடங்கு விவகாரத்துக்காக ஒரு குருவைச் சிறையில் அடைப்பது ரைலின் விருப்பம் அல்ல என்றாலும், சட்டத்தின் நேர்மையைக் காப்பாற்றப்போய் அவர் இரக்கத்தைத் தவறவிட்டார்.

ஆனால் வாசகர்கள் தாமாகவே ஒரு பிரிவினையைச் செய்துவிட்டார்கள் என்பதைக் காண்கிறேன். 'அவிழ்க்கப்பட்ட முடிச்சுகள்' இன்று ஆங்கிலிக்கன் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கான நூல். படுக்கையருகில் வைத்து வாசிக்கப்படுவதோ 'பரிசுத்தம்'.

அச்சுமை

ஒரு நூல் நிலைத்திருப்பது எழுத்தாளரின் திறமையால் மட்டும் நடப்பதில்லை, அச்சிடுபவரும் வேண்டும். அந்தப் பக்கத்தை எவரும் தொடாததால் எழுதுகிறேன்.

ரைலின் முதல் கைப்பிரதி ஒரு விபத்திலிருந்து பிறந்தது. 1845 மே 2 அன்று கிரேட் யார்மவுத் நகரில், சர்க்கஸ் கோமாளி ஒருவன் வாத்துகள் இழுக்கும் மரத்தொட்டியில் அமர்ந்து ஆற்றில் வருவதைப் பார்க்கத் தொங்குபாலத்தில் கூட்டம் நெருக்கியடித்தது. பாலம் சரிந்து 79 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். அந்தச் சாவுகளை முன்வைத்து ரைல் எழுதிய சிறு வெளியீட்டுக்குக் கிடைத்த வரவேற்பே அவரைக் கைப்பிரதி எழுத்தாளராக்கியது. இப்ஸ்விச் நகரத்து வில்லியம் ஹண்ட் என்ற பதிப்பாளர் அவற்றைத் தொடர்ந்து வெளியிட்டார். இருநூறுக்கும் மேற்பட்ட கைப்பிரதிகள் வந்தன, பல மொழிகளில் பெயர்க்கப்பட்டன, இலட்சக்கணக்கில் கைமாறின. அவற்றைத் தொகுத்துத் திருத்தியவையே பிற்காலத்து நூல்களில் பல. மார்கழித்தென்றல் அம்மாவுக்குச் சலிப்பூட்டிய அந்த முடிவுரைகளின் பிறப்பிடம் இதுதான்: கையில் கிடைத்த ஒற்றைத் தாளை மட்டுமே வாசித்துவிட்டுப் போகிறவருக்காக, ஒவ்வொரு தாளிலும் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டியிருந்தது.

அவர் உயிரோடிருந்தபோது, பாப்டிஸ்டு போதகர் சார்லஸ் ஸ்பர்ஜன் இங்கிலாந்து திருச்சபையின் ஆகச் சிறந்த மனிதர் என்று அவரைப் புகழ்ந்தார். ஆனால் இறந்தபின் இரண்டு தலைமுறைக்கு அவரைப் பெரிதாகக் கேட்பாரில்லை. வேதாகமத்தை மற்றப் பழைய நூல்களைப் போல வரலாற்று நோக்கில் ஆராயும் வேதாகம விமரிசனம் பரவிய காலத்தில், ரைலின் குரல் பழங்காலத்துக் குரலாகிவிட்டது. அவருடைய சொந்த மகன் ஹெர்பர்ட் ரைலே கேம்பிரிட்ஜில் பேராசிரியராக இருந்து, பழைய ஏற்பாட்டு ஆய்வில் அந்தப் புதிய முறையைக் கைக்கொண்டவர். பின்னர் எக்ஸெட்டருக்கும் வின்செஸ்டருக்கும் பேராயராகி, வெஸ்ட்மின்ஸ்டர் மடாலய ஆலயத்தின் தலைமைக் குருவாகவும் இருந்தார். தகப்பனின் இறையியல் வீட்டுக்குள்ளேயே வாரிசை இழந்தது என்று சொல்லலாம்.

மீட்சி இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வந்தது. 1952-இல் 'பரிசுத்தம்' மறுபதிப்பானபோது, இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் சேப்பல் என்ற ஆலயத்தின் போதகர் மார்ட்டின் லாயிட்-ஜோன்ஸ் அதற்கு முன்னுரை எழுதினார். பழைய புத்தகக் கடையொன்றில் ரைலைத் தற்செயலாகக் கண்டெடுத்ததை அதில் குறிப்பிடுகிறார். 1957-இல் தொடங்கிய பேனர் ஆஃப் ட்ரூத் பதிப்பகம் அவருடைய நூல்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டது. ஆங்கிலிக்கன் பேராயரைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தவர் ஆங்கிலிக்கன் சபையைச் சேராத ஒரு வெல்ஷ்காரர் என்பதும், இன்றைய வாசகர்கள் அந்தச் சபைக்கு வெளியே மிகுந்திருப்பதும் ஒன்றோடொன்று தொடர்புடையவை.

ஓய்வுபெற்ற குரு

அச்சுமை எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ரைல் தம் பிள்ளைகளுக்காக 1873-இல் ஒரு தன்வரலாறு எழுதினார். அது 1975-இல்தான் அச்சேறியது. அதாவது, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அவரை வாசித்தவர்களுக்கு அவருடைய துயரங்கள் ஏறக்குறையத் தெரியாது. காலையில் செல்வந்தராக எழுந்து இரவில் ஒன்றுமில்லாதவராகப் படுக்கச் சென்ற அந்த 1841-ஆம் ஆண்டு நாளைப் பற்றி, பிள்ளைகளுக்கு எழுதும்போது முப்பது ஆண்டு கழிந்தும் வலி ஆறவில்லை என்பது தெரிகிறது. முதல் மனைவி மணமான சில ஆண்டுகளிலேயே இறந்தார். இரண்டாம் மனைவி ஜெஸ்ஸி பல ஆண்டுகள் நோயாளியாக இருந்து 1860-இல் இறந்தார். வெளியூரில் பிரசங்கித்துவிட்டு, குளிர்கால இரவிலும் திறந்த வண்டியில் இருபது முப்பது மைல் பயணம் செய்து வீடு திரும்பிய காலம் அது. மூன்றாம் மனைவி ஹென்ரியெட்டாவையும் 1889-இல் அடக்கம் செய்தார்.

இவற்றில் ஒரு வரியைக்கூட அவர் பிரசங்கத்தில் விற்கவில்லை. இன்றைய பக்தி எழுத்து பெரும்பாலும் எழுதுகிறவரின் சாட்சியைச் சுற்றியே கட்டப்படுவதால், இந்த மௌனம் நமக்கு விசித்திரமாகத் தோன்றும். என் துன்பத்தைப் பாருங்கள் என்று சொல்லாமலே, துன்பத்தில் நனைந்த ஒருவர் எழுதினால் எப்படியிருக்கும் என்பதற்கு 'நோய்' என்ற அவருடைய கட்டுரையை வாசிக்கலாம். அது 'நடைமுறைச் சமயம்' தொகுப்பில் இருக்கிறது. பொருநைக்கரை சொன்ன அந்த மறைந்துபோதலுக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது என்று நினைக்கிறேன். லிவர்பூலில் அவருக்குப் பின் பேராயரான சவாஸ், குழந்தையின் இதயம் கொண்ட கருங்கல் மனிதர் என்று அவரை வருணித்தார். கருங்கல்லை எல்லோரும் பார்த்தார்கள். மற்றதைப் பார்க்கத் தன்வரலாறு வெளிவரும்வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

முதல்வாசகி

மூத்தோர் அனைவருக்கும் வணக்கம். இழை முழுவதையும் வாசித்தேன். ரைலை இதுவரை நான் வாசித்ததில்லை. எங்கள் வீட்டில் இரவுதோறும் குடும்ப ஜெபம் உண்டு. அதில் வாசிக்க ஏற்றது எது, தனியாக வாசிக்க ஏற்றது எது என்று சொல்வீர்களா?

பொருநைக்கரை

குடும்ப ஜெபத்துக்குச் சுவிசேஷ விளக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள், தங்கையே. அது அந்த நோக்கத்துக்காகவே எழுதப்பட்டது. மத்தேயு தொகுதி 1856-இல் வந்தது. யோவானின் கடைசித் தொகுதி 1873-இல் முடிந்தது. ஒவ்வொரு பகுதியும் ஏறத்தாழ பன்னிரண்டு வசனங்களைக் கொண்டது. எல்லா வசனங்களையும் விளக்க முற்படாமல், இரண்டு மூன்று முக்கியமான கருத்துகளை மட்டும் எடுத்துப் பேசிவிட்டு நிறுத்திவிடுவார். வேலைக்காரர்களும் குழந்தைகளும் அமர்ந்திருக்கும் கூடத்தில் உரக்க வாசிக்கப்படும் என்று எண்ணி எழுதியதால், ஆங்கிலத்தில் வாசித்து உடனுக்குடன் தமிழில் சொல்வதும் கடினமாக இராது. மாற்கிலிருந்து தொடங்குங்கள், அது ஒரே தொகுதி, சுருக்கமானதும்கூட.

தனி வாசிப்புக்கு 'பரிசுத்தம்'. ஆனால் முதல் அதிகாரத்திலிருந்து தொடங்க வேண்டாம் என்பது என் யோசனை. லோத்தைப் பற்றிய அதிகாரத்தை முதலில் வாசியுங்கள். "அவன் தாமதித்துக்கொண்டிருக்கும்போது" என்ற ஆதியாகமச் சொற்றொடர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, நீதிமானாக இருந்தும் தயங்கித் தயங்கி நின்ற ஒரு மனிதனைக் கண்முன் நிறுத்துகிறார். அவரது நடை உங்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது அந்த ஓர் அதிகாரத்திலேயே தெரிந்துவிடும்.

ஓய்வுபெற்ற குரு

நான் முன்னுரையிலிருந்தே தொடங்கச் சொல்வேன். பிள்ளைகளுக்கு முதலில் தித்திப்பைக் கொடுக்கும் வழக்கம் ரைலுக்கே பிடிக்காது. அது போகட்டும். யோவான் தொகுதிகளுக்கு வரும்போது ஒவ்வொரு பகுதியின் முடிவிலுமுள்ள நீண்ட குறிப்புகளைக் குடும்ப ஜெபத்தில் வாசிக்க வேண்டாம். அவை கற்றவர்களுக்கானவை. ஆனால் சவேரியார் வீதி நண்பர் அவற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மால்டோனாட்டஸ், டொலேட்டஸ், கொர்னேலியுஸ் ஆ லாப்பிடே ஆகிய இயேசு சபை வியாக்கியானிகளை ரைல் அங்கே திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுகிறார். பல இடங்களில் அவர்களோடு மோதினாலும், ஒத்துக்கொள்ளும் இடங்களில் அதை மறைப்பதில்லை.

சவேரியார் வீதி

இது எனக்குப் புதிய செய்தி; நன்றி, ஐயா. மால்டோனாட்டஸை இலத்தீனில் உட்கார்ந்து படித்த ஒரு சஃபோக் கிராம குருவை இனி வேறு கண்ணோடுதான் பார்க்க வேண்டியிருக்கும். என்றாலும் என் முறையீடு முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. இயேசு சபையாரிடம் கற்றுக்கொண்டதை அவர் கற்றவர்கள் மட்டும் காணும் குறிப்புகளில் வைத்தார். கூடத்தில் உரக்க வாசிக்கப்படும் பகுதியிலோ, ரோமைப் பற்றிய எச்சரிக்கைதான் வேலைக்காரர்களின் காதிலும் குழந்தைகளின் காதிலும் விழுந்தது. யோவான் முதல் தொகுதியைக் குறிப்புகளோடு சேர்த்து வாசித்துவிட்டு, ஆறாம் அதிகாரத்தை, குறிப்பாக ஜீவ அப்பத்தைப் பற்றிய பகுதியை, அவர் எப்படிக் கையாளுகிறார் என்று இதே இழையில் எழுதுகிறேன். அங்கே எங்கள் தரப்புக்கும் அவருக்கும் இடையிலான உண்மையான கருத்து வேறுபாடு வெளிப்படும் என்று எதிர்பார்க்கிறேன்.